சுவருக்கு நாலு முட்டு

ருதைனாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச்சுவர் செப்டம்பரில் வயிறு தள்ளத் தொடங்கியது. அயின் ஸர்வா முழுக்கவே மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். இவள் வீட்டுக்கு மேலே பெரிய சாலை. அந்தச் சாலையைத் தாங்கிய சுவர்தான் இப்போது வீட்டைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தது. பின்னறையில் மகள் தாலா படுப்பாள். நவம்பரில் மழை பிடித்தால் சுவர் அவள் தலையில்தான் இறங்கும். இதற்குமேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்?

வேண்டியிருந்தது. நகராட்சிக் குமாஸ்தா கத்தாஸ் மனுவைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டார். "உங்க பதிவு எந்த ஊர்ல?"

"வீட்டுக்காரர் ஊர்ல. வடக்கே, அக்கார் பக்கம்."

"அப்போ ஓட்டும் அங்கதான?"

"ஓட்டு அங்க, வீடு இங்க. இருபத்திரண்டு வருசமா இங்கதான் ஐயா இருக்கேன்."

"அதான் சொல்றேன். ஓட்டுப் போட்ட ஊர்ல போய்க் கேளுங்க."

அந்த நாட்டுச் சட்டப்படி, கல்யாணமானதும் பெண்ணின் பெயர் தகப்பன் ஊர்ப் பதிவிலிருந்து கணவன் ஊர்ப் பதிவுக்குப் போய்விடும். அந்த ஊருக்கு அவள் போவது சாவுக்கும் தேர்தலுக்கும்தான். அவள் ஓட்டில் ஜெயித்தவர் அங்கே அருமையான நடைபாதை போட்டிருப்பதாகக் கேள்வி. ஒருநாளும் அவள் அதில் நடந்ததில்லை.

"அந்த ஊர்த் தலைவர் மூணு மணி நேரம் கார் ஓட்டி வந்து என் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரா?" என்றாள்.

கத்தாஸ் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மனுவை வாங்கி, எண் போட்டு, முத்திரை குத்திவிட்டு, "ஆனா அது பெரிய சாலையாச்சே, அமைச்சகத்தோடதுல்ல?" என்றார்.

அமைச்சகத்தில் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். சாலை அவர்களுடையதுதான். சுவரோ சாலை விளிம்புக்குக் கீழே இருக்கிறது. கீழே இருப்பது நகராட்சியின் பாடு என்றார்கள். திரும்பவும் கத்தாஸிடம் வந்தாள்.

"நகராட்சியே இல்லையேம்மா. உறுப்பினருங்க ராஜினாமா பண்ணி, மன்றம் கலைஞ்சு எட்டு மாசம் ஆச்சு."

"அப்போ நீங்க யாரு?"

"நான் இருக்கேன். நகராட்சிதான் இல்ல."

தலைவர் வேலையையும் சேர்த்து இப்போது காயிம்மகாம் பார்க்கிறாராம். மாவட்டத்துக்கு அரசு வைத்திருக்கும் அதிகாரி அவர். ருதைனா மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறினாள். அங்கே காரியதரிசி கோப்பை எடுத்துக் காட்டினார். நகராட்சித் தலைவர் பொறுப்பில் காயிம்மகாம், சுவர் வேலைக்கு அனுமதி கேட்டுக் காயிம்மகாமான தனக்கே கடிதம் எழுதியிருந்தார். காயிம்மகாம் பொறுப்பில் அவரே, 'மன்றத் தீர்மானம் இணைக்கப்படவில்லை' என்று எழுதித் திருப்பியிருந்தார். இரண்டு கையெழுத்தும் ஒரே பச்சை மை.

"மன்றமே கலைஞ்சுபோச்சே, தீர்மானம் எங்கேர்ந்து வரும்?"

"அதத்தான் நாங்களும் கேட்டு எழுதியிருக்கோம்."

"யாருக்கு?"

"நகராட்சிக்கு."

வெளியே வந்தவளுக்கு எந்தப் பக்கப் பேருந்தில் ஏறுவது என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. தனக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டதோ என்று நிஜமாகவே பயந்தாள்.

மேல்மாடிக்காரர் அபூ ஷஃபீக் கான்கிரீட் வேலை எடுத்துச் செய்கிறவர். "இவங்க வர்றதுக்குள்ள மழை வந்துரும்மா" என்று சொல்லி, தன்னிடமிருந்த நாலு கனத்த கட்டைகளால் ஒரே மத்தியானத்தில் சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ருதைனா அண்டா நிறைய முஜத்தரா என்கிற பருப்புச்சோறு கிண்டி மாடி முழுக்கக் கொடுத்தாள்.

பத்தே நாளில் நகராட்சியிலிருந்து ஓலை வந்தது. எப்படித்தான் கண்ணில் பட்டதோ! 'நகராட்சிக்குச் சொந்தமான தடுப்புச்சுவரில் அனுமதியின்றிக் கட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அகற்றப்படும்.'

மூன்று தடவை படித்தாள். சந்தோஷப்படுவதா, ஆத்திரப்படுவதா? கத்தாஸுக்குப் போன் போட்டாள்.

"ஐயா, சுவர் உங்களுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க!"

"கட்டை வச்ச விசயத்துல எங்களுதுதான்."

"சரிபண்ற விசயத்துல?"

"அது வேற கோப்பும்மா."

இரண்டு மாதம் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்த அலுவலகம், இப்போது எள் என்பதற்குள் எண்ணெயாக வந்து நின்றது. மூன்று ஆட்கள், ஒரு லாரி, சம்மட்டி. மேஸ்திரி பெயர் அபூ தூமா. அவர்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. அபூ தூமா அண்ணாந்து பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். கல் இடுக்கில் சேற்றுநீர் கசிந்தது.

"இதுக்கு அடியில யாரு படுக்கறது?"

"என் பொண்ணு."

மனிதர் சுவரிலிருந்து கையை எடுத்தார். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "இந்தாங்க தங்கச்சி. 'கட்டைகள் அகற்றப்பட்டன, சுவர் நல்ல நிலையில் உள்ளது.' அச்சடிச்சே வச்சிருக்காங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன். வீட்டுக்காரங்க சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்."

"நீங்க இன்னும் எடுக்கவே இல்லையே அண்ணே?"

"எடுக்கல. எடுத்தாச்சுன்னு எழுதிட்டா, இல்லாத கட்டையை எடுக்க இனி எவன் வருவான்?"

"சரி, சுவரை எப்போ கட்டுவாங்க?"

"நல்லா இருக்கற சுவரை யாரு கட்டுவா? கோப்பை மூடிருவாங்க."

"நான் கையெழுத்துப் போடலன்னா?"

"இப்பவே இழுத்தாகணும். என் பொழப்பு அதுதான்."

ருதைனா சுவரைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். இதில் கையெழுத்துப் போட்டால், நாளைக்குச் சுவர் சரிந்தாலும் வாய் திறக்க முடியாது. நல்ல நிலையில் இருந்தது என்று அவளே சொன்னதாகிவிடும். தூறல் வலுத்தது. பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தாள்.

அபூ தூமா காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஆட்களைப் பார்த்து, "மூணாவது கட்டை லேசா நழுவியிருக்குடா. நல்லா இறுக்கி அடிச்சுட்டுப் போவோம்" என்றார்.

சம்மட்டிச் சத்தம் கேட்டுத் தாலா பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நகராட்சி வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா. கட்டையை எடுத்துட்டதா எழுதிட்டு, இறுக்கி அடிச்சுக்கிட்டிருக்கு" என்றாள் ருதைனா.