செவ்வாய்க்கிழமை அடித்த கோல்

சந்தனமாரியின் இடது காலுக்கு சுபாஷ் போட்டிருந்த விலை ஒரு நாளைக்கு ஐந்நூற்று எழுபது ரூபாய், பிடித்தம் போக. வலது காலும் இரண்டு கையும் கண்ணும் அந்த விலையிலேயே அடக்கம். எல்லாம் சேர்த்து ஒரே உருப்படி. ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனி ஒன்றுக்குப் பெண்களை அனுப்பும் காண்ட்ராக்டர் அவன். முப்பது கஜத்திலிருந்து அந்த இடது கால் பந்தை வளைத்து உள்ளே போடும் என்பதெல்லாம் அவன் கொள்முதலில் சேராது. எட்டு மணி நேரம் லைனில் நிற்கிறதா, போதும்.

எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் மொத்த மளிகைக் கடை. பென்னலூரில் சுபாஷ் நடத்தும் பெண்கள் ஹாஸ்டலுக்கு அரிசி பருப்பு என் கடையிலிருந்துதான் போகிறது. தண்டலம் பெண்கள் கால்பந்துக் குழுவுக்கு ஒரு தடவை ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். உடனே என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். அதாவது, இனிமேலும் நானேதான் வாங்கித் தர வேண்டும். காலேஜ் பிள்ளைகளும் கம்பெனிப் பிள்ளைகளும் கலந்த அந்தக் குழுவை நடத்துவது ஷாரோன், தண்டலத்தில் ஒரு காலேஜின் விளையாட்டு ஆசிரியை.

இந்த வருஷம் தேசிய மகளிர் கோப்பைக்குள் நுழைந்தோம். அதில் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், மறு ஆட்டம் கிடையாது. முதல் இரண்டு சுற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்ததால் பிழைத்தோம், ஜெயித்தோம். காலிறுதியைச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சென்னையில் வைத்தார்கள். மற்றவர்கள் எப்படியோ ஷிப்ட் மாற்றிக்கொண்டார்கள். சந்தனமாரிக்கு அன்று பி ஷிப்ட், இரண்டு மணிக்கு லைனில் நிற்க வேண்டும். இரண்டு வாரம் முன்பே லீவு கேட்டாள்.

“பந்து ஒதைக்கிறதுக்கெல்லாம் லீவா? நீ இல்லாத நாளைக்கு கம்பெனிக்காரன் எனக்கு பில்லு குடுப்பானா?” என்றான் சுபாஷ்.

அந்த ஹாஸ்டலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், வயிற்றுவலி என்றால் அவள் படுத்திருப்பாள். அவள் வருகைக் கார்டை இன்னொருத்தி கேட்டில் தேய்த்துவிடுவாள். அவள் பங்கு வயரை லைனில் மற்றவர்கள் பிரித்துக் கட்டிவிடுவார்கள். சுபாஷுக்கு இது நன்றாகத் தெரியும். அவனுக்குக் கமிஷன் கார்டுக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை என்பதால் கண்டுகொள்ள மாட்டான்.

செவ்வாய்க்கிழமை சந்தனமாரியின் கார்டைத் தேய்த்தது அவள் அறைத்தோழி சுகப்பிரியா. எண்பத்து மூன்றாவது நிமிடம் சந்தனமாரி கோல் போட்டாள். ஒன்றுக்குப் பூஜ்யம். அரையிறுதி!

லீவு தராத கம்பெனி மறுநாளே கேட்டில் பேனர் கட்டியது. ‘எங்கள் குடும்பத்தின் வீராங்கனை’ என்று பெரிய எழுத்து. முதலாளி படம் ஆறடி, இவள் படம் ஒரு ஜாண். யாரோ பொறுப்பாகத் தேதியும் நேரமும் வேறு போட்டுத் தொலைத்தார்கள். எச்.ஆர். ஆபீசர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே அதைப் படித்தார். உள்ளே போய் வருகைப் பதிவைப் பார்த்தார். அதன்படி அந்த நேரத்தில் வீராங்கனை லைனில் வயர் கட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சுபாஷ் கூப்பிட்டனுப்பினான். சந்தனமாரி, ஷாரோன், நான், மூவரும் போனோம்.

“வாங்க அண்ணாச்சி. பேனர கழட்டிடலாம், அது பிரச்சன இல்ல,” என்று ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினான். “செவ்வாக்கெழம நான் வேலைலதான் இருந்தேன், என் ஜெர்சிய போட்டுக்கினு வேற பொண்ணு ஆடுச்சுன்னு எழுதிக் குடுத்துரு மா. பில்லும் தப்பிச்சுது, வேலையும் தப்பிச்சுது.”

“கோப்பையில இருந்து டீமையே தூக்கிடுவாங்க சார்! அவ கோல் போட்டத கிரவுண்டே பாத்துச்சு,” என்றாள் ஷாரோன்.

“பாத்தவன் பாத்துக்கினு போறான். பேப்பர்ல இன்னா கீது மேடம்? முடியாதுன்னா இவளும் வெளிய, கார்டு தேச்சவளும் வெளிய.”

எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவன் நான். அரிசியில் கல் கலப்பவனுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். நடந்த கோலை நடக்கவில்லை என்று எழுதி வாங்க இவன் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். இரண்டு பெண்களையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“சுபாஷ், ஹாஸ்டல்ல எத்தனை பேர்னு கம்பெனிக்குக் கணக்கு குடுக்க?”

“அறுபது. ஏன்?”

“அறுபது பேரு, நாப்பத்தாறு பேரு அரிசியிலயா பசியாறுது? மூட்டை எங்கிட்ட இருந்துல்லா போவுது. வேலைய விட்டுப் போன பதினாலு பிள்ளைகளுக்கு தினம் யாரு கார்டு தேய்க்கா?”

அவன் எழுந்து ஏ.சி.யைக் கூட்டினான். “இன்னாதான் வோணும் அண்ணாச்சி?”

“ரெண்டு பேருக்கும் வேலை இருக்கணும். கோலும் இருக்கணும்.”

“மூணும் முடியாது. எச்.ஆருக்கு ஒருத்திய காட்டியே ஆவணும். சுகப்பிரியாவ வுட்டுர்றேன். கோல நீங்களே வச்சிக்கங்க. இவ போவட்டும்.”

அரை மணி நேரம் பேசியும் அதற்கு மேல் இறங்கவில்லை. இரண்டு பேர் போக இருந்தது ஒருத்தியாகக் குறைந்தது. மலிவாக முடித்துவிட்டோம் என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. அந்த ஒரு நொடிக்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

வெளியே வந்து சொன்னேன். சந்தனமாரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னைய தராசுல வச்சு நிறுத்தாச்சா அண்ணாச்சி?”

“ஏட்டி, சுகப்பிரியாவுக்காகத்தான்...”

“அவளுக்காக நான் போறேன்னு நானே சொல்ல வந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?” பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் எழுதினாள்:

‘செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு வரவில்லை. லீவு கேட்டேன், தரவில்லை. எண்பத்து மூன்றாவது நிமிடம் கோல் போட்டது நான்தான். இல்லாதவர்களின் கார்டு எப்படித் தேய்க்கப்படுகிறது என்பதைக் காண்ட்ராக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.’

சுபாஷ் படித்துவிட்டு, “கடைசி வரி வோணாம் மா. வேற பேப்பர் தரேன்,” என்றான்.

“பேப்பர் உங்ககிட்ட நெறைய இருக்கும். நான் மாத்தி எழுத மாட்டேன்.”

ஷாரோன் அதற்குள் போனில் படம் எடுத்திருந்தாள். அவன் தாளை மடித்து மேஜைக்குள் போட்டான். சாயங்காலமே சந்தனமாரியின் பெட்டி ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிட்டது. ஷாரோன் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கோட்டில் அரையிறுதி. முதல் பாதியிலேயே சந்தனமாரி ஒன்று போட்டாள். பந்து என்று நினைத்து உதைத்த மாதிரி இல்லை. நான் பார்த்ததில் அப்படி ஒரு உதை கிடையாது. பிறகு எதிரணி ஒன்று, கடைசி நிமிடத்தில் இன்னொன்று. முடிந்தது. பிள்ளைகள் புல்லில் விழுந்து அழுதார்கள். இவள் அழவில்லை. நடுவரிடம் போய், “இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு, எங்க போச்சு?” என்று கத்தினாள். மஞ்சள் அட்டை வாங்கினாள்.

திரும்பும் வழியில் ஷாரோன், “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் வுடு,” என்றாள்.

“அடுத்த வருசம் எந்த ஊர்ல இருக்கேனோ அக்கா. எவன் வேலை தாரானோ அங்கதான என் காலு நிக்கும்?”



திங்கட்கிழமை காலை எங்கள் பஸ் என் கடை வாசலில் நின்றது. பையைக்கூட வீட்டில் போடாமல் ஜெர்சியோடு கம்பெனி பஸ் பிடித்தவர்கள் பன்னிரண்டு பேர். ஷேர் ஆட்டோவில் தண்டலம் காலேஜுக்குப் போனவர்கள் ஐந்து பேர். ஆகப் பதினேழு. கோப்பைக்குப் பதிவு செய்த பெயர்கள் பதினெட்டு.