பாயசம் குடித்தும் சுகமாக இருந்தவர்கள்

1

இது முதலில் கதையே இல்லை, பாடக்குறிப்பு. டாக்டர் ஜெபசுதா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். தூத்துக்குடியில் செவிலியர்களுக்கும் லேப் ஆட்களுக்கும் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு எடுக்கிறாள். ஒரு நோய் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று ஒழுங்காகக் கேட்டுக் கண்டுபிடிக்கும் படிப்பு அது. நோய்ப்பரவலியல் என்று பெயர். அந்தப் பெயரை வாசிப்பதற்குள்ளேயே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

"ஏளா, மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து எல்லாரும் தூங்குதாக. முழிச்சிருக்க மாதிரி ஒரு கதை எழுதித் தா" என்றாள்.

எழுதினேன். முதல் தொடக்கம்: "உப்பளங்களின் மேல் வெயில் வெள்ளியாய் உருகி" (நிறுத்திவிட்டேன். வாந்திபேதிக் கதைக்கு வெள்ளி எதற்கு?)

இரண்டாவது: "ஓர் ஊரில் ஒரு கிருமி இருந்தது. அதற்கு" (அதற்கு என்ன? எனக்கும் தெரியவில்லை.)

மூன்றாவதை யோசித்துக்கொண்டு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், கண் வீங்கிப்போய் உள்ளே வந்தாள் அனுசியா.

2

அனுசியா நர்ஸ். வீடு மாப்பிள்ளையூரணியில். அந்த வாரம் அவள் தங்கை இசக்கிச்செல்விக்கு நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. மாப்பிள்ளை ஜெயகணேஷ், உடன்குடிக்காரர். சாப்பாட்டை சமையல்காரரிடம் விட்டிருந்தார்கள், இரண்டு பதார்த்தங்களைத் தவிர. தேங்காய்ப்பாலில் வைக்கும் குழம்பான சொதியைப் பெண்ணின் அம்மா சுடலைமாடத்தி தானே வைத்தாள். கருப்பட்டிப் பாயசத்தை மாப்பிள்ளையின் அம்மா சங்கரம்மாள் உடன்குடியிலிருந்தே பெரிய தூக்குவாளிகளில் கொண்டுவந்தாள்.

பந்தி முடிந்து சாயங்காலத்துக்குள் வாந்தி ஆரம்பித்தது. இரு வீட்டிலும் ஆட்கள் படுத்தார்கள். சுடலைமாடத்தி உடனே போனை எடுத்தாள்.

"உங்க பாயசத்தக் குடிச்சிட்டு எங்க ஆளுக பூரா படுத்துக் கெடக்கு, மதினி. வாளியக் கழுவித்தான் கொண்டாந்தீகளா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சங்கரம்மாள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் தரகர் வந்து, "அவுக கொஞ்சம் யோசிக்கணும்னு சொல்லுதாக" என்றார். இசக்கிச்செல்வி அறைக்குள் போனவள்தான், வெளியே வரவில்லை.

(முதல் பிரதியில் சுடலைமாடத்தியை வாயாடியாக எழுதியிருந்தேன். அனுசியா படித்துவிட்டு, "எங்கம்மா அப்படியில்லக்கா, பயந்துட்டா, அவ்வளவுதான்" என்றாள். அதனால் ஒரு பத்தியை அடித்திருக்கிறேன். வாளிக் கேள்வியை மட்டும் அடிக்க முடியவில்லை. அவள் கேட்டது கேட்டதுதான்.)

3

அனுசியா வகுப்பில் எழுந்து இதைச் சொன்னாள். வேறு யார் வீட்டுக் கதையோ போலத்தான் சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை.

"படுத்தவங்க எல்லாரையும் கேட்டேன், டாக்டர். ஏறக்குறைய எல்லாருமே பாயசம் குடிச்சிருக்காக. அப்ப பாயசம்தானே?"

"படுக்காதவங்கள கேட்டியா?"

"அவுகளுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"அதுக்குத்தான் கேக்கணும். படுத்தவங்க எல்லாருந்தான் சோறும் தின்னாங்க, தண்ணியும் குடிச்சாங்க. நல்லா இருக்கவங்களும் அதே அளவுக்குக் குடிச்சிருந்தா, உன் பாயசம் என்ன தப்பு பண்ணிச்சு?"

வகுப்பில் அன்று ஒருவரும் தூங்கவில்லை. என் கதைக்குக் கிடைக்கவேண்டிய பெயரை அனுசியா தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

4

பிறகு போன்கள். பந்தியில் உட்கார்ந்த எல்லோரையும் அழைத்து, படுத்தவர், படுக்காதவர் என்று பார்க்காமல், ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டாள். எது சாப்பிட்டீர்கள், எது சாப்பிடவில்லை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பாயசம்தான் காரணம் என்ற செய்தி சொந்தக்காரர்களிடம் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பெரியப்பா ஆறுமுகநயினார் கேள்வி முடியும் முன்பே ஆரம்பித்தார்.

"பாயசந்தாம்மா. வாயில வைக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிட்டு. ஒரு மாதிரி புளிச்ச வாட."

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல்: "சுகருன்னு சொல்லி உங்க எலையில பாயசமே ஊத்த விடலையே நான். எந்த வாயில வச்சீக?"

"அப்ப வாட மட்டும் வந்திருக்கும்" என்றார் பெரியப்பா.

(அவர் பொய் சொல்லவில்லை. நோயில் படுத்தவரிடம் காரணத்தையும் கையில் கொடுத்துவிட்டால், ஞாபகம் அதற்குத் தோதாக வளைந்துகொள்கிறது. இதற்கு வகுப்பில் 'நினைவுச் சார்பு' என்று பெயர். கதை எழுதுகிறவர்களுக்கு இது பிழைப்பு.)

5

இந்தப் பகுதியில் கொஞ்சம் எண்கள் வருகின்றன. தாண்டிப் போய்விடாதீர்கள், கல்யாணம் இதில்தான் தொங்குகிறது.

பந்தியில் மொத்தம் நாற்பத்தெட்டுப் பேர். பாயசம் குடித்த நாற்பது பேரில் பத்தொன்பது பேர் படுத்தார்கள். குடிக்காத எட்டுப் பேரில் நான்கு பேர் படுத்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. குடித்தாலும் அதுதான், குடிக்காவிட்டாலும் அதுதான். பாயசத்தை விட்டுவிடலாம்.

அனுசியா அடுத்தடுத்த பதார்த்தங்களுக்கும் அதே கணக்கைத் தாளில் கட்டம்போட்டு எழுதினாள். சாம்பார், அவியல், அப்பளம், எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சொதிக்கு வந்தாள்.

சாப்பிட்ட முப்பது பேரில் இருபத்தொரு பேர். சாப்பிடாத பதினெட்டுப் பேரில் இரண்டே பேர்.

மறுபடி கூட்டிப் பார்த்தாள். மாறவில்லை. ஜெபசுதாவுக்குப் போன் செய்தாள்.

"அந்த ரெண்டு பேரு சொதி தொடவே இல்ல டாக்டர். அவுகளும் படுத்திருக்காகளே?" அந்த இருவரைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறாள்.

"ரெண்டு பேரு அப்படி இப்படி இருப்பாங்க. வேற எங்கயாவது எதையாவது தின்னிருக்கலாம். சொதி எப்ப வச்சது?"

"விடியக்காலம். மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில நின்னுட்டு. பந்தி போட ரொம்ப நேரமாயிட்டு."

"தேங்காய்ப்பாலு. இந்த வெயில்ல." என்றாள் ஜெபசுதா. "மிச்சம் இருந்தா லேப்ல பாத்துச் சொல்லலாம். பாத்திரத்தையும் கழுவிட்டீங்க. அதனால சொதிதான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா என் சந்தேகமும் அதுதான்."

கட்டம் போடுவதற்கு முன்பு கடைசியாக அழைத்திருந்தது மாப்பிள்ளையை. ஜெயகணேஷ் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

"சொதி சாப்பிட்டீகளா?"

"மூணு தடவ வாங்கினேன், மதினி. அத்தை ஆசையா கொண்டுவந்து ஊத்துனாக. ரெண்டாவது தடவையே ஒரு மாதிரி இருந்திச்சு. வேண்டாம்னு சொன்னா மொகம் வாடிரும்லா."

"உங்க வீட்டுல சொன்னீகளா?"

"எதுக்கு? எங்கம்மா ஏற்கனவே கோவத்துல இருக்காக."

(கதாபாத்திரமாக இவரை நான் நம்பவில்லை. இவ்வளவு நல்லவர் கதையில் நிற்கமாட்டார் என்று ஒரு கோபத்தைச் சேர்த்து எழுதினேன். அது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றது. எடுத்துவிட்டேன்.)

6

இப்போது முடிவுகள்.

முடிவு ஒன்று: அனுசியா தாளைக் கிழித்துப் போட்டுவிடுகிறாள். அம்மாவின் மானம் தப்புகிறது, தங்கையின் கல்யாணம் போகிறது. எழுதினேன். என்னாலேயே தாங்க முடியவில்லை.

முடிவு இரண்டு: சமையல்காரர்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு சம்பந்திகளும் சேர்ந்துகொள்கிறார்கள். இது நடந்திருக்கக்கூடியது. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

நடந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை அனுசியா சமையலறைக்குப் போனாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே வழியில், எல்லோரிடமும் கேட்ட வரிசையிலேயே ஆரம்பித்தாள்.

"எம்மா, நிச்சயத்தன்னிக்கு நீ என்ன சாப்பிட்ட?"

"என்னையவா கேக்க?"

"எல்லார்ட்டயும் கேட்டேன். ஒன்னையத்தான் விட்டுட்டேன்."

சுடலைமாடத்தி யோசித்தாள். "நான் எங்க சாப்பிட்டேன். பரிமாறவே சரியா இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா வாந்தி எடுக்க ஆரம்பிச்சிட்டாக."

"சொதி?"

"ருசி பாக்கக்கூட இல்லளா. காலையில உப்புப் பாத்ததோட சரி."

அனுசியா பக்கத்தில் உட்கார்ந்து தாளை விரித்தாள். கட்டத்தை விளக்கினாள். பெரியப்பாவின் வாடையைச் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை மூன்று தடவை வாங்கியதைச் சொன்னபோது சிரிப்பு நின்றுபோனது.

"மூணு தடவையும் நாந்தான் ஊத்தினேன்" என்றாள். "நல்லாருக்கு அத்தைன்னாரு."

வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். போனை எடுத்து உடன்குடிக்கு அழைத்தாள். அறைக் கதவு திறந்தது. இசக்கிச்செல்வி வெளியே வந்து, அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்கவேண்டும் என்று மின்விசிறியை நிறுத்தினாள்.

நெடுநேரம் அடித்தபின் சங்கரம்மாள் எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். மதினி என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் சுடலைமாடத்தி பேசிய முதல் வாக்கியம் எனக்குத் தெரியும், அனுசியா சொல்லியிருக்கிறாள். நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் அது எழுத்தாளர் பேசியதாகவே இருக்கிறது. சுடலைமாடத்தியாக நின்று நீங்களே எழுதுங்கள். எண்கள் உங்களிடம் இருக்கின்றன, சத்தியம் பண்ண முடியாது என்று டாக்டர் சொன்னதும் இருக்கிறது. வாளியைப் பற்றிக் கேட்டது நீங்கள்தான். மின்விசிறி நின்றுவிட்டது. சின்ன மகள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.