விரிப்பின் மறுமுனை

விடிவதற்கு முன்பே எங்கள் லாண்டரியில் கொதிகலன் சூடேறிவிடும். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் ஈரமும் சோப்பு நெடியுமாக இயந்திரத்திலிருந்து வந்து விழும். உதறிப் பிரித்துச் சூட்டு உருளையில் விட்டு எடுப்பதற்குள் கை சிவந்துவிடும். அப்புறம் மடிப்பு. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரெதிராக நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால், மூலை சேரும்போதுதான் ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம். ஒரு மாமியார் சண்டையைச் சொல்லி முடிக்க ஒரு மூட்டை விரிப்பு ஆகும்.

என் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள், நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் உயரக்காரி. எங்கள் நால்வரில் கடைசியாகச் சேர்ந்தவள். படுத்த படுக்கையான புருஷனும் படிக்கிற மகளும் அவள் சம்பாத்தியத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

அன்று முதலாளி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்திய சந்தோஷம் எங்களுக்கு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"சட்டம் போட்டவனுக்கு என்ன, போட்டுட்டுப் போயிட்டான். ஹோட்டல்காரன் ரேட்டைக் கூட்ட மாட்டான். புதுக் கூலியில நாலு பேரை வச்சுக்க முடியாது. மூணு பேர் போதும்."

நெட்டையின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். காலர் நைந்த சட்டைதான் அவரும் போட்டிருந்தார். அதற்காக என் கோபம் தணியவில்லை.

"கூட்டிக் கேளுங்க முதலாளி. ரூம் வாடகையில ஒரு டீ காசு ஏறும். அதுக்கு யாரும் தூங்காம இருக்க மாட்டாங்க."

"கேட்டா மூட்டை எதிர் லாண்டரிக்குப் போயிடும்."

"அந்த முதலாளிக்கு மட்டும் சட்டம் வேறயா?"

"அவன் குறைஞ்ச ரேட்டுக்கு எடுப்பான்மா."

"எப்படி? அங்கயும் ஒருத்தியை வெளிய தள்ளித்தானே?"

அவர் போய் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் நால்வரும் தெருவைக் கடந்தோம். இத்தனை வருஷமாக எதிர் லாண்டரிப் பெண்களோடு நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எல்லாம் மூட்டைப் போட்டி. அங்கே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "உங்க கடையாலதான் எனக்கு வேலை போகுதாம்" என்றாள்.

"எனக்கு உங்க கடையால" என்றாள் நெட்டை.

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் பேசினோம். புது ரேட் இல்லாமல் எந்தக் கடையிலும் மூட்டையைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. முதலாளியிடம் சொன்னதும், "குடியைக் கெடுத்தீங்க" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஹோட்டல் வேன் வந்தது. நாங்கள் மூட்டையைத் தொடாமல் கை கட்டி நின்றோம். முதலாளி எங்களைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார்.

"பழைய ரேட்டுன்னா இறக்காதப்பா" என்றார்.

வேன் எதிர்ப்பக்கம் திரும்பியது. அங்கேயும் பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள். மூட்டைகளோடு அது நடுத்தெருவில் நின்றது. டிரைவர் போனை எடுத்தான்.

"ஹோட்டல்காரன் சொந்தமா மெஷின் வாங்கினாலும் வாங்கிடுவான். நாளைக்கு வேலை இருக்குமான்னே தெரியல" என்றார் முதலாளி.

எனக்கும் பயம்தான். சும்மா நிற்பது இவ்வளவு அசதியாக இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

"இருந்தா நாலு பேரும் வருவோம்" என்றேன். "இல்லேன்னாலும் நாலு பேரும் வருவோம்."