ஆள் படுக்காத அறை

இரண்டாவது நாள் மதியம் அறைக்குத் திரும்பியபோதும் காசு தலையணை மேலேயே இருந்தது. நான் மடித்துவைத்த மடிப்புகூடக் கலையவில்லை.

செருப்பைக் கழற்றாமல் கட்டிலோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஒரு தாள் வைத்தேன். அறையைச் சுத்தம் செய்ய வருகிறவள் எடுக்கவில்லை. குறைவென்று நினைத்துவிட்டாளோ என்று மறுநாள் இன்னொரு தாளையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனேன். இப்போது இரண்டும் கிடந்தன. வேறு யாருக்காவது இந்தக் குழப்பம் வந்தால் சரி. பத்தொன்பது வருடமாக ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிற எனக்கு வரலாமா?

மேஜைமேல் இருக்கும் காசு தங்கியவர் மறந்து வைத்தது, தொடக் கூடாது. தலையணைமேல் இருந்தால் அது நமக்கு. காலி செய்யும் நாளில் மொத்தமாகக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அன்றைக்கு யாருடைய முறையோ அவள் எடுத்துக்கொள்வாள், முந்தைய நாட்களில் முதுகு ஒடிந்தவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் தினமும் வைக்க வேண்டும். சில்லறையாக வைத்தால் பிச்சை போட்ட மாதிரி இருக்கும். வாங்குகிற பக்கத்திலிருந்து இதெல்லாம் எனக்கு அத்துப்படி. கொடுக்கிற பக்கத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

மகளுடைய ஏற்பாடு இது. புது வேலைக்கு நான்கு நாள் பயிற்சி. தங்குவதற்குக் கம்பெனியே அறை போட்டுக் கொடுத்திருந்தது. கூட ஒருவர் தங்கலாம் என்றதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவையாவது நீ படுத்து எந்திரி. வேற யாராவது வந்து விரிக்கட்டும்" என்றாள். "அங்க வந்து, நானும் ஓட்டல்லதான் வேலை பாக்குறேன்னு ஆரம்பிச்சிடாத. நாலு நாளைக்கு மேடமா இரு."

"மேடம்னா என்னடி செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம இருக்கணும். அதான் வேலையே."

அந்த வேலைதான் எனக்கு வரவில்லை. காலையில் அவள் கிளம்பியதும் கை தானாகப் போர்வையை இழுத்தது. விரிப்பை உதறி, மூலைகளை உறை மாதிரி மடித்துச் செருகி, தலையணையை ஒரு தட்டு தட்டி நிறுத்தினேன். குளியலறையைத் துடைத்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டுகளையே உபயோகித்ததால் அவர்களுடைய துண்டுகள் மடிப்புக் குலையாமல் இருந்தன. பைகளையும் செருப்புகளையும் அலமாரிக்குள் வைத்தேன். குப்பையைத் தாழ்வாரத்துத் தொட்டியில் போட்டேன். அறைக்குள் ஆள் இருந்தால் சுத்தம் செய்பவளுக்கு எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும் என்பதால், மதியம்வரை கடைத்தெருவில் சுற்றிவிட்டு வந்தேன்.

பழக்கதோஷம் என்று மகளிடம் சொன்னேன். முழு உண்மை அது இல்லை. ஒரு படுக்கையைப் பார்த்தால் போதும், அதில் படுத்தவர் நிம்மதியாகத் தூங்கினாரா, இரவெல்லாம் புரண்டாரா, இரண்டு பேர் முதுகு காட்டிப் படுத்தார்களா என்று சொல்லிவிடுவேன். யாருமே கட்டிலின் அந்தப் பாதியைத் தொடாத படுக்கைகளைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்தி நான் படுத்த பள்ளத்தைப் பார்த்து என்னை அப்படிப் படித்துவிடுவாள் என்று நினைக்கவே கூசியது.

அன்று மாலை மகளிடம் காசைக் காட்டினேன்.

"வேண்டாம்னா விடும்மா. எடுத்து உள்ள வை."

"வேண்டாம்னு எந்த மகராசி சொல்லுவா? நான் சொல்லியிருக்கேனா?"

"ஒருவேளை அவங்க பணக்காரங்களோ என்னவோ. பொழுதுபோகாம பாத்ரூம் கழுவ வர்றாங்க" என்று சொல்லிவிட்டு மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வைத்த விதத்தில் ஏதோ கொடுக்கத் தெரியாதவளின் அடையாளம் இருக்கிறதோ, இது நம்மைப் போன்ற ஒருத்தியின் காசு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

மூன்றாம் நாள் வெளியே போகவில்லை. படுக்கையை விரித்து, காசை வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்குக் கதவு மூன்று தடவை தட்டப்பட்டது. திறந்துகொண்டு வந்தவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். கையில் துணிக்கட்டு. என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"இங்க ஆள் இருக்கீங்களா?"

"மூணு நாளா இருக்கோம். நானும் என் பொண்ணும்."

அவள் துணிக்கட்டைத் தரையில் போட்டாள். "அப்போ இந்தக் கட்டில்ல யாரும் படுக்கலையா?"

"படுத்தோம். காலையில நானே விரிச்சிடுவேன்."

"நீங்களேவா." அவள் குரல் தாழ்ந்துபோனது. "அம்மா, நல்லா இருப்பீங்க. என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. இந்த ஓட்டலில் அறைக்கு இவ்வளவு என்று கூலி. ஆள் படுக்காத அறை கணக்கில் வராது. இரண்டு நாளும் இந்த அறையைப் பார்த்து 'ஆள் படுக்கவில்லை' என்று தாளில் எழுதியிருக்கிறாள். பதிவேட்டிலோ இரண்டு பேர் தங்கியிருப்பதாக இருக்கிறது. அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் எழுதுகிறாள் என்று சூப்பர்வைசர் முடிவு செய்துவிட்டார். இன்று அவரே நேரில் வருகிறார். பொய் என்று தெரிந்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்போ அந்தக் காசு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைக் கேட்டதற்காகப் பின்னால் வெட்கப்பட்டேன்.

"ஆள் படுக்காத கட்டில்ல காசு கெடந்தா யாரும்மா தொடுவா? ஆபீஸ்ல இருந்து வைப்பாங்க, எடுக்குறாளா பாக்குறதுக்கு. மொத நாள் ஒண்ணு, மறுநாள் ரெண்டு. சரிதான், தூண்டில்ல புழுவைப் பெருசாக்குறாங்கன்னு நெனச்சேன்."

எங்கள் ஓட்டலிலும் அப்படி ஒரு வருடம் வைத்தார்கள். கண்ணாடி துடைப்பதில் கெட்டிக்காரி என்பதால் 'கண்ணாடி' என்று நாங்கள் கூப்பிட்ட ஒருத்திக்கு அதில்தான் வேலை போனது. எப்படி மறந்தேன்?

சூப்பர்வைசர் கையில் கணக்குத்தாள் செருகிய அட்டையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார். "மன்னிக்கணும் மேடம். ரெண்டு நாளா உங்க ரூமை இவங்க கவனிக்கலைன்னு தெரிய வந்துச்சு."

"அவங்க வந்திருக்காங்க. நான்தான் எல்லாத்தையும் செஞ்சு வச்சிட்டேன். பாக்குறவங்களுக்கு ஆளே இல்லாத மாதிரிதான் தெரியும்."

அவர் கட்டிலருகே போய், குனிந்து, மூலை மடிப்பை விரலால் நெருடிப் பார்த்தார். "மேடம், வீட்டுல யாரும் இப்படிச் செருக மாட்டாங்க. இது எங்க ஆளுங்க கை. இவங்க இப்ப அவசர அவசரமா விரிச்சிட்டு, உங்களைச் சொல்லச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு நல்ல மனசு. அதுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் இரண்டு மூன்று விதமாகச் சமாளித்திருக்க முடியும். நர்ஸாக இருந்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இப்படித்தான் செருகுவோம் என்று சொல்லியிருக்கலாம். மகளுக்கு போன் போட்டுப் பேசச் சொல்லியிருக்கலாம். எதுவுமே அப்போது தோன்றவில்லை. காசை எடுத்து மேஜைமேல் வைத்தேன். விரிப்பை ஒரே இழுப்பில் உருவினேன். அவளுடைய துணிக்கட்டிலிருந்து புதியதை எடுத்து, ஒரு உதறில் நடுக்கோடு கட்டிலின் நடுவில் விழும்படி வீசினேன். தலைமாட்டில் இரண்டு மூலை, கால்மாட்டில் இரண்டு மூலை. போர்வை. உறையைத் திருப்பிக் கைக்குள் வைத்துத் தலையணையைப் பிடித்து இழுத்து ஒரு தட்டு. நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

சூப்பர்வைசர் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்த ஓட்டல்மா?" என்றார். மேடம் போய்விட்டது.

சொன்னேன். எத்தனை வருடம் என்றார். அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அட்டையில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி, மூன்று நாளும் கணக்கில் வரும்படி எழுதி அவளிடம் காட்டினார். போகிற போக்கில், "நாளைக்காவது படுக்கையை அப்படியே போடுங்கம்மா" என்றார்.

கதவு சாத்தியதும் அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். தங்கியவர் முன்னால் நாங்கள் அப்படி உட்கார மாட்டோம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லக்கா."

"என் பொண்ணு சொல்லக் கூடாதுன்னா."

"அதுவும் சரிதான்." தன் கையை விரித்துக் காட்டினாள். ப்ளீச்சிங்கில் வெடித்த விரல்கள். நானும் என்னுடையதைக் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் களிம்புகளைப் பற்றிப் பேசினோம்.

பிறகு நான் மேஜைமேல் இருந்த காசை எடுத்து நீட்டினேன். அவள் சட்டென்று எழுந்தாள்.

"ஐய, உங்ககிட்ட போய் வாங்குறதா? வையுங்கக்கா உள்ள."

"உனக்குன்னு வச்சதுதானே."

"அது யாரோ வச்சதுன்னு இருந்தப்போ. இப்ப எப்படி?" என்றாள். துணிக்கட்டை எடுத்துக்கொண்டு, குப்பைக்கூடையை எட்டிப் பார்த்து, காலியாக இருந்ததற்கு என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

வெகுநேரம் நீட்டிய காசோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா என்று கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாங்க மாட்டேன் என்றபோது ஏன் வலித்தது? யாரோ ஒருத்தியாக இருந்தால் கொடுக்கலாம், தன் ஆளாக இருந்தால் கொடுக்க முடியாது. இரண்டில் எதுவாக இருக்க ஆசைப்பட்டு இங்கே வந்தேன் என்று யோசித்தால் பதில் வழுக்கிக்கொண்டு போனது. மாலையில் மகள் கேட்டபோது, காசு விஷயம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

நான்காம் நாள் காலை கிளம்பும்போது படுக்கையை அப்படியே விட்டேன். போர்வை பாதி கீழே தொங்கியது. கட்டிலில் என் பக்கத்துப் பள்ளம், நான் இரவு முழுக்க ஓரமாகவே சுருண்டு படுத்ததை ஊருக்கே சொன்னது. தலையணைமேல் மூன்று தாள்களை வைத்தேன். கை இரண்டு தடவை விரிப்பை நோக்கிப் போனது.

"அம்மா, லிஃப்ட் வந்துருச்சு" என்று மகள் தாழ்வாரத்திலிருந்து கூப்பிட்டாள்.

கீழே போய் மகள் சாவியைக் கொடுத்துக் கணக்கு முடிக்கும்வரை நின்றேன், மனம் கேட்கவில்லை. "சீப்பை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மேலே வந்தேன். அறைக்கு வெளியே அவளுடைய துணி வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது. அவள் அதற்குள் விரிப்பைப் பாதி உருவிவிட்டாள். தலையணைமேல் காசு இல்லை. அவளுடைய மேல்சட்டைப் பையின் விளிம்பில் தாளின் நுனி தெரிந்தது. என் பள்ளத்தை அவள் பார்த்தாளா, பார்க்காமலே இழுத்தாளா என்று தெரியவில்லை. நானும் அவசரத்தில் பார்க்காமல் இழுப்பதுண்டு.

காலடி கேட்டுத் திரும்பினாள். தாழ்வாரத்தில் சூப்பர்வைசர் இல்லை, வேறு யாரும் இல்லை.

"ஏதாவது மறந்துட்டீங்களா மேடம்?" என்றாள்.

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். காலை ஒன்பது மணிக்கு, இன்னும் பன்னிரண்டு அறை பாக்கியிருக்கும் ஒருத்தியின் முகம்தான் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த முகம்.

"இல்ல" என்றேன். அங்கேயே நின்றேன். அவள் விரிப்பின் மறு மூலையைப் பிடித்து இழுத்தாள்.