படிவத்தின் ஒன்பதாவது கேள்வி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படிவம் என் மேசைமேல், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது. பத்துக் கேள்விகள். ஒன்பதாவதைத் தவிர மற்றவற்றை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நாளை மாலை ஐந்து மணிக்குள் அது உரிய இடத்தில் சேர வேண்டும். நான் அதை விட்டுவிட்டுக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கதை எழுதியவர்கள் கிடையாது. வீட்டு விஷயத்தை நாலு பேர் வாயில் போட்டவர்களும் கிடையாது. ஆகையால் இதில் பெயர்கள் வராது.

முதல் தொடக்கம் இப்படி:

அந்தத் தொலைக்காட்சியின் செய்திகள் ஒருபக்கம் சாய்ந்தவை என்பது ஊருக்கே தெரிந்ததுதான் என்றாலும்

(நிறுத்திவிட்டேன். ஊருக்கே தெரியும் என்று எழுதுகிறவன், தான் நிறுத்துப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறான்.)

இரண்டாவது தொடக்கம்:

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். அவருடைய மருமகன் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் செய்தி ஆசிரியராக

(இதை நிறுத்தியது நான் அல்ல, என் மனைவி. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "நம்ம பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. வராத மாப்பிள்ளைக்கு இப்பவே கெட்ட பேரா?")

அவள் சொல்வது சரி. தவறு வெளியாள் தலையில் விழட்டும் என்று பார்த்தேன். மருமகனை நீக்கிவிட்டேன். செய்தி ஆசிரியர், மகள்தான்.

2

அவரைத் தராசு என்று கூப்பிடுவார்கள். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கும் ஆய்வாளராக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். மனைவியின் அண்ணன் கடைத் தராசில் கோளாறு கண்டுபிடித்து, அதற்கு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டு, அன்று மாலையே அதே அண்ணன் வீட்டு விருந்தில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் இரண்டாம் முறையும் சோறு கேட்டவர். அலுவலக விஷயத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

(ஓரத்தில் பென்சில்: "அண்ணன் இன்னும் மறக்கலை. அது இருக்கட்டும், 'அவர்'னா யாரு? எனக்குத் தெரியாம இந்த வீட்ல இன்னொருத்தர் இருக்காரா?")

சரி, நான்தான். ஆனால் அவர் என்றே இருக்கட்டும். என்னைவிட அவருக்குக் கொஞ்சம் தைரியம் அதிகம்.

மகள் தயாரிப்பது ஏழு மணிச் செய்தி. ஒரு மாதம் முழுக்கத் தராசு அதைக் கைக்கடிகாரத்தோடு பார்த்தார். ஆளும் கட்சிக்கு இத்தனை நொடி, எதிர்க்கட்சிக்கு இத்தனை நொடி என்று கோடு போட்டுக் குறித்தார். மாதக் கடைசியில் கூட்டினால் ஐந்துக்கு ஒன்று. மகளிடம் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது சட்டம். அட்டவணையை இணைத்து, நிலையத்தின் நேயர் புகார்ப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.*

(*மொட்டைக் கடிதம் போடலாமே என்று கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை.)

அந்த நிலையத்தில் ஒரு நடைமுறை இருந்தது. எந்தச் செய்தியைப் பற்றிப் புகாரோ, அதைத் தயாரித்தவரே பதில் எழுத வேண்டும். பத்தாம் நாள் பதில் வந்தது. "மதிப்பிற்குரிய நேயர் அவர்களுக்கு, தங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டோம். எங்கள் செய்திகளைக் குறித்து இரு தரப்பிலிருந்தும் புகார்கள் வருகின்றன. அதுவே எங்கள் நடுநிலைக்குச் சான்று." கீழே மகளின் கையெழுத்து. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அவள் பழகிக்கொண்ட அதே வால் நீண்ட கையெழுத்து.

அவர் உறையைப் பிரித்தபோது அவள் எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தபாலா அப்பா?"

"ஆமா."

"எங்கேருந்து?"

"ஒரு அலுவலகத்துலேருந்து."

"ஓ" என்று தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

அம்மாதான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பனுக்கும் மகளுக்கும் நடுவுல அந்தத் தபால்காரர் ஓடி ஓடித் தேயறார். ஸ்டாம்பு ஒட்டாம இந்த மேசையிலயே நகர்த்திக்கக் கூடாதா?"

இருவரும் காது கேளாதவர்கள்போல் சாப்பிட்டார்கள்.

3

பதில் என்னவோ கல்லாட்டம் இருந்தது. ஆனால் அடுத்த மாதம் நொடிகள் சமமாகிவிட்டன. தராசு மறுபடி ஒரு மாதம் எண்ணினார். அரை நிமிடம்கூட வித்தியாசம் இல்லை.

பக்கத்துத் தெருத் தையல்காரர் அவருடைய நெடுநாள் நண்பர். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"உன் கடுதாசிக்கு ஒரு டிவியே ஆடுதா? போய்யா."

"அட்டவணை போட்டு எழுதினேன்யா. எழுதற விதத்துல எழுதினா கேட்பாங்க."

"அப்ப நானும் அதே மாதிரி எழுதறேன். எனக்கு ஆடுதா பார்ப்போம்."

அதற்குள் ஒரு நாள் தராசின் மனைவி போனில் பேசுவதற்காக டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டாள். படம் மட்டும் ஓடியது. அப்போதுதான் தராசு கண்டார். ஒரு கட்சித் தலைவரைக் கீழிருந்து எடுக்கிறார்கள், பின்னால் கடல்போல் கூட்டம். மற்றவரை மேலிருந்து எடுக்கிறார்கள், எப்போது பார்த்தாலும் மூக்கைத் துடைத்துக்கொண்டோ எதையோ மென்றுகொண்டோ இருக்கிறார். நொடி சமம். எடை சமமில்லை.

இதையே இருவரும் ஒரே வாரத்தில் எழுதினார்கள், அவர் தன் பெயரில், தையல்காரர் தன் பெயரில். தராசுக்கு ஒரு பக்கப் பதில் வந்தது. மூன்று வாரத்தில் மூக்குத் துடைப்பதும் நின்றது. தையல்காரருக்கு அச்சடித்த கார்டு ஒன்று வந்தது. "தங்கள் ஆதரவுக்கு நன்றி."

"ஆதரவா?" என்று தையல்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் திட்டியில்ல எழுதினேன்?"

அவருடைய கடிதம் வேறு யாரோ ஒரு குமாஸ்தாவின் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.

4

(இந்தப் பகுதியில் கதை நகராது. அவசரமுள்ளவர்கள் ஐந்துக்குப் போகலாம்.)

புகார் எழுதினால் செய்தி மாறுமா? என் வேலையை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். எடைக்கல்லைச் சோதித்தால் வியாபாரி தட்டின் அடியில் புளியை ஒட்டுவான். தட்டைத் திருப்பிப் பார்த்தால் கட்டைவிரலால் அழுத்துவான். விரலைப் பார்த்தால் பேச்சுக் கொடுத்து நம் கண்ணைத் திருப்புவான். இருபத்தொன்பது வருடத்தில் என் சோதனையால் யோக்கியனான ஒரே ஒரு வியாபாரியைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் நான் ஒரு தெருவில் நின்ற நாளில் அந்தத் தெருவில் எடை சரியாக இருந்தது. அன்று வாங்கியவர்களுக்கு முழு எடை கிடைத்தது. ஆய்வு என்பது அவ்வளவுதான். மனத்தை மாற்றுவது அல்ல, போய் நிற்பது.

இப்படி எழுதி முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு தையல்காரரின் கார்டு நினைவுக்கு வந்தது. அவரும் போய் நின்றார். எதுவும் சரியாகவில்லை.

அப்படியென்றால் நொடிகளைச் சமமாக்கியது என் அட்டவணையா, அல்லது

5

எதிர்க்கட்சியின் கூட்டம் ஒரு மைதானத்தில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. தையல்காரர் போயிருந்தார். தராசு ஆறரைக்கு அந்த வழியாக நடந்தபோது, சாலைவரை ஆட்கள் நின்றதால் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஏழு மணிச் செய்தியில் அதே மைதானத்தைக் காட்டினார்கள். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள், பன்னிரண்டு நொடி.

மறுநாள் தையல்காரர் வாசலிலேயே நின்று கேட்டார். "மூணாவது வரிசை ஓரத்துல ரெண்டு மணி நேரம் நின்னேன்யா, கால் வலிக்க. ராத்திரி டிவியில அதே செய்தியைத் திரும்பப் போட்டப்ப பார்த்தா நான் நின்ன இடத்துல நாற்காலி சும்மா கிடக்கு. அப்ப நான் யாரு? ஆவியா?"

தராசு அந்தக் காட்சியில் வேறொன்றைக் கவனித்திருந்தார். நாற்காலிகளின் நிழல் அந்தந்த நாற்காலிக்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. வெயில் உச்சியில் இருந்தால்தான் அப்படி விழும். எழுதினார்.

இம்முறை வந்த உறை கனமாக இருந்தது. வழக்கமான நான்கு வரியோடு ஓர் இணைப்பு. கேமராப் பதிவேட்டின் ஒரு பக்கம். "மைதானம், நாற்காலிகள். எடுத்த நேரம்: பகல் 12.40." வெளியே போகக் கூடாத தாள். அதை மடித்து உறையில் வைத்தவள் வேலையைப் பணயம் வைத்துத்தான் வைத்திருக்கிறாள்.

உறையில் படிவமும் இருந்தது. பதிலில் திருப்தி இல்லையென்றால், தொலைக்காட்சிகளுக்கெல்லாம் மேலே உள்ள முறையீட்டுக் குழுவுக்கு முப்பது நாளுக்குள் எழுதலாம். பதில் யாருக்கு வந்ததோ அவர்தான் எழுத வேண்டும். எட்டாவது கேள்வி: தவறுக்குப் பொறுப்பானவரின் பெயர். ஒன்பதாவது: அவருக்கும் உங்களுக்கும் உறவு உண்டா? கீழே சிறிய எழுத்தில்: உறவினர் தரும் முறையீடுகள் ஏற்கப்படமாட்டா.

என் சங்கடம் இதுதான். உண்மையைச் சொன்னால் முறையீடு செத்துவிடும், என் மகள் தப்பிவிடுவாள். பொய் சொன்னால்தான் நியாயம் கேட்க முடியும். வாழ்நாளில் எந்தப் படிவத்திலும் பொய் எழுதியதில்லை என்று மார்தட்டியவனுக்கு, உண்மையே திருட்டுத்தனமாகத் தெரியும் ஒரு நாள் வந்துவிட்டது.

6

முடிவு, முதல் வகை. தராசு "இல்லை" என்று எழுதுகிறார். குழு விசாரிக்கிறது. ஒரு நாள் ஏழு மணிக்கு நிலையம் வருத்தம் தெரிவிக்கிறது. அதற்கு எட்டு நொடி. அவர் எண்ணுகிறார். மறுநாள் முதல் மகள் வேலைக்குப் போவதில்லை. அவளுடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து, நொடிகளை மறுபடி ஐந்துக்கு ஒன்றாக

முடிவு, இரண்டாம் வகை. "உண்டு" என்று எழுதுகிறார். படிவம் சிவப்பு முத்திரையோடு திரும்பி வருகிறது. குடும்ப மானம் நிமிர்ந்து நிற்கிறது. தையல்காரர் ஆவியாகவே இருக்கிறார்.

முடிவு, மூன்றாம் வகை. உறை தபாலில் தொலைந்துவிடுகிறது.

(பென்சில்: "தபால்காரர் மேலயும் பழியா? அந்த மனுஷன் ஏற்கெனவே உங்களால பாதியாயிட்டார்.")

7

இதுவரை எழுதியது நேற்று. இன்று காலை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் முகம் துடைத்துக்கொண்டு வந்தபோது மகள் என் மேசையில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தாள்கள் அவள் கையில். கொடுத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. பென்சில்காரி சமையலறையில் பாத்திரங்களை அதிகமாகவே ஓசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மூணாவதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"தையல்கார மாமா கடுதாசி வேற யாரோ குமாஸ்தாகிட்ட போனதா எழுதியிருக்கீங்க. என்கிட்டதான் வந்துச்சு."

நான் உட்கார்ந்தேன்.

"ஒரு நாளைக்கு நாற்பது கடுதாசி வருதுப்பா. முதல் வரி படிச்சேன். உங்க கையெழுத்து இல்லை. கார்டைப் போட்டேன்."

"அவர் எழுதினதும் நான் எழுதினதும் ஒண்ணுதாம்மா."

"தெரியும். இப்ப தெரியும்."

"நொடியைச் சரி பண்ணினது?"

"நான்தான். கொஞ்ச நாள் மேல யாரும் கவனிக்கலை. கவனிச்சதும் நாற்காலி வந்துச்சு. போடச் சொன்னது அவங்க. போட்டது நான்." அவள் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "அதையெல்லாம் சேர்த்து எழுதுங்க. மாமா கார்டையும்."

பிறகு கண்ணாடிக் கூட்டை நகர்த்திவிட்டுப் படிவத்தை எடுத்தாள். எட்டாவது கேள்வியில் விரலை வைத்தாள்.

"இங்கேயும் ஒரு தப்பு. என் இனிஷியலை விட்டுட்டீங்க."

பார்த்தேன். அவள் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். முன்னால் எழுத்து இல்லை. ஒரு குண்டுமணி எடை குறைந்தாலும் கண்டுபிடிக்கிற நான், என் மகளின் பெயருக்கு முன்னால் இருக்கவேண்டிய என் பெயரின் முதலெழுத்தை விட்டுவிட்டிருந்தேன். அறிந்து விட்டேனா, அறியாமல் விட்டேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"எங்க செய்திப் பிரிவுல என் பேர்ல இன்னொருத்தி இருக்கா. இப்படியே போனா அவ மாட்டிப்பா" என்றாள். "அவங்க அப்பா புகார் எழுதறவர் இல்லை."

சமையலறையில் சத்தம் நின்றிருந்தது.

"இதை அனுப்பினா உன் வேலை என்ன ஆகும் தெரியுமா?"

"நாலாவதுல நல்லா எழுதியிருக்கீங்களே, போய் நிக்கறதுன்னு. நின்னுட்டு அப்புறம் என்ன கேள்வி?" எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "தபால்ல போட்டா இன்னிக்குச் சேராது. நான் அந்தப் பக்கமாத்தான் போறேன். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, நானே சேர்த்துடறேன்."

எட்டாவது கேள்வியில் அந்த ஒற்றை எழுத்தைச் சேர்த்தேன். இடம் நெருக்கமாக இருந்ததால் சற்றுச் சாய்ந்து விழுந்தது. தையல்காரரின் கார்டைப் பற்றிப் பத்தாவதில், 'பிற விவரங்கள்' என்ற இடத்தில், ஒரு வரி சேர்த்தேன். இனி ஒன்றுதான் பாக்கி.

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு முதுகு காட்டி, எனக்காகக் காத்திருக்கிறாள். வாசகரே, நான் எழுதினால் அது அப்பன் எழுதியதாகிவிடும். உங்களுக்கு இவளோடு உறவு எதுவும் இல்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன்.

9. மேற்கண்டவருக்கும் உங்களுக்கும் உறவு உண்டா?

உண்டு / இல்லை

(தேவையில்லாததை அடித்துவிடவும்.)