ஒச்சப்பன் ஹாஜர்

விடியற்காலை ஐந்தரைக்கே மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் அழுகிய முட்டைக்கோஸும் சேர்ந்து மூக்கில் ஏறும். லாரிகள் விட்டுப்போன வைக்கோல், கிழிந்த சாக்கு, செத்த எலி எல்லாவற்றையும் கடை திறப்பதற்குள் அள்ளியாக வேண்டும். துடைப்பக் காம்பைப் பிடித்துப் பிடித்து, என்னோடு வேலை செய்யும் ராமாத்தாளின் உள்ளங்கை செருப்புத் தோலாகிவிட்டது. நான் ராஜப்பன், துப்புரவுத் தொழிலாளர் சங்கக் கிளைச் செயலாளர். பட்டம்தான் அப்படி, கையில் இருப்பது குப்பை வண்டியின் பிடி.

வேலைக்கு இறங்குமுன் ஷெட்டு வாசலில் நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக நிற்போம். மேஸ்திரி மொய்து பெயர் படிப்பார், நாங்கள் ‘ஹாஜர்’ என்போம். எல்லாம் முடிந்து நோட்டை மூடிய பிறகு, நோட்டில் இல்லாத ஒரு பெயரையும் கூப்பிடுவார்.

“ஒச்சப்பன்.”

“ஹாஜர்.”

ஒச்சப்பன், ராமாத்தாளின் புருஷன். முப்பது வருஷம் இந்த ஊர்ச் சாக்கடைக்குள் இறங்கியவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. மறதி நோய் பெண்டாட்டி பெயரைக்கூடக் கொண்டுபோய்விட்டது, வேலைக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. பெயர் கூப்பிடாவிட்டால் நிலைகொள்ளமாட்டார், சாக்கடையை மூடிய பலகைக்கல்லைத் தேடிப் போய்விடுவார். கூப்பிட்டுவிட்டால் போதும், சாதுவாக நசீபாவின் பின்னால் பகல் வீட்டுக்கு நடப்பார்.

பகல் வீடு, வயசானவர்களுக்காக நகராட்சி எங்கள் வார்டில் நடத்தும் ஓடு போட்ட கட்டடம். அவரையும் சேர்த்து ஒன்பது பேர். பார்த்துக்கொள்ள நசீபா ஒருத்திதான், அவளும் தினக்கூலி. குளிப்பாட்டுவாள், கஞ்சி ஊட்டுவாள். ஒச்சப்பன் முற்றத்தைப் பத்துத் தடவை கூட்டுவார். பத்துத் தடவையும் அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நசீபா மாவிலையைத் திரும்பவும் உதிர்த்துப் போடுவாள். இந்த வித்தையை அவளுக்கு எந்த டாக்டரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2006 ஜூனில் அந்தக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். வரி வசூல் கவுண்டருக்குக் கட்டடம் வேண்டுமாம், திங்கட்கிழமை முதல் பகல் வீடு கிடையாதாம். நானும் ராமாத்தாளும் வட்டார அலுவலர் லக்ஷ்மிநாராயணனைப் பார்க்கப் போனோம். பாலக்காட்டுக்காரர், எங்களோடு தமிழில் பேசுவதையே பெரிய உபகாரமாக நினைப்பவர். உட்காரச் சொல்லவில்லை.

“திட்டம் வயசானவாளுக்கு. மறவி ரோகக்காராளுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, மனசிலாச்சா?”

“ஆஸ்பத்திரியில சேர்க்க இது காய்ச்சலா சாரே?” என்றாள் ராமாத்தாள். “நான் தொடப்பம் பிடிச்சா அவரைப் பார்க்க ஆளில்ல. அவரைப் பார்த்தா தொடப்பம் இல்ல. ரெண்டுல எதை விடணும்னு நீங்களே பறயுங்க.”

“அது உங்க வீட்டுக் காரியம்” என்றார் அவர். நோட்டில் இல்லாத பெயரை மேஸ்திரி கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டாராம், அதையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்.

இனி சொல்வது என் தப்பு. மனு எழுதுவதில் நான் புலி. ஒரு மனுவை எழுதி அலுவலகத்தில் நீட்டிவிட்டு, “ரெண்டு நாள் அவரை உள்ள வச்சு வீட்டைப் பூட்டிட்டு வா, தங்கச்சி. அதுக்குள்ள ஒரு பதில் வரும்” என்று ராமாத்தாளிடம் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவளும் என்னை நம்பினாள்.

திங்கட்கிழமை வெளியே பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். எட்டு மணிக்கு ஒரு கிட்டங்கிக்காரர் கூப்பிட்டு ஓடினேன். ஒச்சப்பன் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். தனியாளாகச் சாக்கடைக் கல்லைத் தூக்கியிருக்கிறார். கல் நழுவிக் காலில் விழுந்திருக்கிறது. அப்படியும் உள்ளே இறங்கி இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தூக்கியபோது இடது பாதம் நசுங்கி வீங்கியிருந்தது.

“மேஸ்திரி இன்னிக்கு என்னைக் கூப்பிடல. லேட்டாயிடுச்சின்னு நானே இறங்கிட்டேன்” என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ராமாத்தாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இனிமே பூட்டமாட்டேன் அண்ணா” என்றாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஷெட்டில் எல்லோரையும் கூட்டி, நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். முதலில் கூட்டத்திலிருந்து சீதாலக்ஷ்மி எழுந்து, தன் மாமியாருக்கும் இப்போது அடுப்பை அணைக்க மறந்துபோகிறது என்றாள். வாஞ்சிநாதன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பூட்டு இருந்திருக்கிறது, செயலாளரான எனக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஐந்தரைக்கு நாங்கள் ஷெட்டுக்குப் போகவில்லை. துடைப்பங்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, பகல் வீட்டு வாசலில் அதே வரிசையில் நின்றோம். முந்தின நாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டிருந்தார்கள் என்றாலும், கட்டுப் போட்ட காலோடு ஒச்சப்பனும் வந்தார். கழுவித் துடைத்த என் வண்டியில் சாக்கு விரித்து உட்கார வைத்திருந்தோம். நசீபா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மற்ற எட்டுப் பேரையும் வீட்டுக்காரர்கள் கூட்டிவந்திருந்தார்கள்.

விஷயம் தெரிந்து லக்ஷ்மிநாராயணன் ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லோருக்கும் ஆப்சென்ட் போடச் சொன்னார். எங்களோடு வந்து நின்ற மொய்து நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஆளு முன்னால நிக்குது சாரே. இல்லேன்னு எழுத எனக்குக் கை வராது.”

அலுவலர் நோட்டைப் பிடுங்கித் தானே படித்தார். ராமாத்தாள் என்றார். ஹாஜர். ராஜப்பன் என்றார். ஹாஜர். நாற்பத்திரண்டு பெயருக்கும் நாற்பத்திரண்டு குரல் கேட்டது, ஒருவரும் துடைப்பத்தைத் தொடவில்லை. அவர் நோட்டை மூடினார்.

வண்டியில் ஒச்சப்பன் கழுத்தை நீட்டி அந்த மூடிய நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட காலைக் கீழே வைக்கப் பார்த்தார். அலுவலரும் அதைப் பார்த்தார், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

முதலில் கூப்பிட்டது ராமாத்தாள்தான். புருஷன் பெயரை அவள் வாயால் அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

“ஒச்சப்பன்.”

அடுத்து நாங்கள் எல்லோரும் கூப்பிட்டோம்.

“ஹாஜர்” என்றார் அவர். காலைத் திரும்ப வண்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

கதவில் பூட்டு அப்படியேதான் தொங்கியது. அது திறக்கும்வரை எழுவதில்லை என்று நாங்கள் வரிசை கலையாமல் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தோம். நசீபா முற்றத்து மாவிலைகளில் ஒரு கை அள்ளி, வண்டிக்கு முன்னால் உதிர்த்துப் போட்டாள்.