பிரேக்கைப் பற்றி ஒரு கேள்வி

அந்த அரங்கில் பேசாத தலைவர்கள் இல்லை. நாடு எங்கே போகிறது, யாரால் கெட்டது, எப்படித் திருந்தும் என்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆளாளுக்கு வந்து தொண்டை கிழியப் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் கூட்டத்தில் இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம். "சுருக்கமா ஒண்ணே ஒண்ணு" என்று எழுந்திருப்பவர்தான் லேசில் உட்காரமாட்டார். கேட்க வந்ததை மறந்துவிட்டு, தானே ஒரு தனிக் கூட்டம் நடத்திவிட்டுத்தான் ஓய்வார்.

கடைசி வரிசைக்குப் பின்னால், ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ்கள் நிறைந்த மேசை ஒன்று உண்டு. அதுதான் மைக்காரரின் இடம். அவர் தலை நரைத்ததே அங்கேதான். மேடையில் யார் முழங்கினாலும் அவருக்குச் சத்தம்தான் கணக்கு, சங்கதி அல்ல. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தன்னிஷ்டத்துக்கு நடப்பார். கேள்வி கேட்பவரின் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டால், சட்டென்று ஒலியைக் குறைத்துவிடுவார். அழுகை ஸ்பீக்கரில் கேட்டால் கூட்டம் நெளியும், சிலதுகள் சிரிக்கவும் செய்யும். ஒருத்தர் அழுவதை ஊரைக் கூட்டிக் காட்டுவானேன் என்று அவருக்குத் தோன்றும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

அன்று பேச வந்தவர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். எல்லைச் சண்டையும் நம் கடமையும் என்பது தலைப்பு. நான்காவது வரிசை ஓரத்தில் மைக்காரரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

அவளுடைய ஒரே மகன் ராணுவத்தில் லாரி ஓட்டினான். மலைப்பாதையில் அந்த லாரி உருண்டது. உள்ளே இருந்த சிப்பாய்களில் ஒருவரும் மிஞ்சவில்லை, அவனும் மிஞ்சவில்லை. ஓட்டுநரின் அலட்சியம் என்று அறிக்கை வந்தது. அதோடு அவளுக்குத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் போனது. தூங்கிக்கொண்டே ஓட்டினானாம், குடித்திருந்தானாம் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தவர்கள் மாதிரி நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். அவளுக்கு மட்டும் வேறொன்று தெரியும். விபத்துக்குச் சில நாள் முன்னால் அவன் போனில் சொல்லியிருந்தான்: "பிரேக் சரியாப் பிடிக்கலம்மா. எத்தன தடவ சொல்றது? ஓட்டு, இல்லன்னா உள்ள போட்ருவோம்னு மெரட்டுறாங்க."

இதைச் சொல்லி அவள் ஏறாத படி இல்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை. கடைசியில்தான் தம்பி சொன்னார், அப்போது அமைச்சராக இருந்த ஆளே நம் அரங்குக்கு வருகிறார், ஊரே வரும், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள், அங்கேயே கேட்டுவிடு என்று.

காலையில் கிளம்பும்போதுகூடப் படித்துப் படித்துச் சொன்னார்.

"சுத்தி வளைக்காதக்கா. எடுத்த எடுப்புல பிரேக்னு சொல்லிடு."

"சொல்றேன்டா. நாலு வார்த்த. நீ என் சத்தம் கடைசி ஆள் வரைக்கும் கேக்குற மாதிரி மட்டும் பாத்துக்க."

"அத என்கிட்ட விட்ரு."

பேச்சு முடிந்தது. ஒரு பேராசிரியரும், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் கேள்வி என்ற பெயரில் ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றினார்கள். பிறகு மைக் அக்காவின் கைக்கு வந்தது. மைக்காரர் அவளுக்காகக் குமிழை ஒரு திருகு கூடுதலாகவே வைத்தார்.

"வணக்கங்கய்யா. மலையில லாரி உருண்டு அத்தன பிள்ளைங்க செத்தாங்கல்ல…" குரல் கணீரென்று வந்தது. "அந்த லாரிய ஓட்டுனது என் மகன்தான்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. மகன் என்ற சொல்லைத் தாண்ட அவளால் முடியவில்லை. ஒரு விசும்பல் ஸ்பீக்கரில் வெடித்தது.

மைக்காரரின் கை குமிழைக் கீழே இறக்கியது.

அக்காவை அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அவர் அப்படியே இருந்தார். ஒலி இறங்கிய மைக்கில் அவள் பேசிக்கொண்டே இருந்ததைக் கொஞ்சம் பொறுத்துத்தான் கவனித்தார். உள்ளங்கையால் காற்றை அழுத்தி அழுத்திக் காட்டினாள், பிடிக்காத பிரேக்கை மிதிப்பது போல. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதறிப்போய் குமிழைத் திருகினார்.

அதற்குள் மேடை மைக்கில் அந்தப் பழைய அமைச்சர் பேச ஆரம்பித்திருந்தார். "போதும்மா. உங்க வேதன எனக்குப் புரியுது. பெத்த பிள்ள செஞ்ச தப்ப இப்பிடி சபையில ஒத்துக்குறதுக்குப் பெரிய மனசு வேணும். இந்த நாடு உங்க மகன மன்னிச்சிரும்."

கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். அக்கா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். தொண்டர் மைக்கை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். அந்த ஆள் விலைவாசியைப் பற்றிக் கேட்டார்.

மைக்காரர் பாதி எழுந்து நின்றார். "அவங்க இன்னும் முடிக்கல" என்று கத்தியிருக்கலாம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஊரார் சத்தத்தை எல்லாம் ஏற்றி இறக்கியவருக்குத் தன் சத்தம் அகப்படவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலையும்போது அரங்கத் தலைவர் வந்து அவர் தோளைத் தட்டினார். "சமயத்துல கொறச்சீங்க. அந்தம்மா மானம் போகாமத் தப்பிச்சது." மைக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவர்கள் தெருவில் குடியிருக்கும் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே ஒத்துக்கிட்ட பிறகு நாங்க என்ன சொல்லப்போறோம்? இனிமே யாரும் வாயே திறக்க மாட்டோம்" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

மைக்காரர் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"நான்தான்க்கா கொறச்சேன். நீ அழுதத… கை தானாப் போயிருச்சு."

"தெரியும்."

"அடுத்த மாசம் வேற ஒருத்தர் பேச வர்றாரு. அன்னிக்கிக் கேட்டுரலாம்."

"இன்னிக்கி வந்தவங்கள்லாம் அன்னிக்கி வருவாங்களா?"

"மிச்சத்த எங்கிட்டயாவது சொல்லுக்கா," என்றார். "முழுசாச் சொல்லு. நான் கேக்குறேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் தெரியுமேடா," என்றாள். "தெரியாதவங்ககிட்ட சொல்லத்தான வந்தேன்."